அரியதரம் என்று போன அந்துப்பூச்சி

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் என்னைப் பற்றி இரண்டு விதமான அபிப்பிராயம் உண்டு. ஒரு பகுதியினர் எனக்கு விசர் என்கிறார்கள். மற்றப் பகுதியினர் எனக்கு முற்றின விசர் என்கிறார்கள். காரணம், சனிக்கிழமை பொழுதுபடும் நேரம் மொட்டைமாடியில் நான் கட்டுகிற வெள்ளைப் படுக்கை விரிப்பும் அதற்கு முன்னால் தொங்கவிடுகிற ஊதா பல்ப்பும்தான். அந்த வெளிச்சத்துக்கு அந்துப்பூச்சிகள் வரும். நான் படம் எடுப்பேன். படத்தை இணையத்தில் அதற்கென்று இருக்கிற ஒரு தளத்தில் ஏற்றி, இது இன்ன பூச்சி என்று எனக்குத் தெரிந்ததை எழுதுவேன். உலகத்தில் எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஒருவர் பார்த்து, சரி என்று உறுதிப்படுத்துவார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தச் 'சரி' வந்து விழுகிறபோது எனக்கு வருகிற புளுகம், அந்தச் சந்தோசம் இருக்கிறதே, சம்பளம் கூடியபோதுகூட அப்படி வந்ததில்லை.

தொடங்கியது படிக்கட்டில். இரவு முழுக்க எரிகிற லைட்டுக்கு வந்த பூச்சிகள் விடிந்த பிறகும் படிக்கட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் லிப்ட் பழுது. கோட்டையில் இருக்கிற என் கப்பல் கம்பனிக் கந்தோருக்குப் பிந்திவிட்டது என்று லிப்டையும் அதைப் பொருத்தியவனையும் திட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில், சுவரில் ஒட்டியிருந்த காய்ந்த இலை ஒன்று மெல்லத் தள்ளிப் போய் இருந்துகொண்டது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. அட, இத்தனை வருடம் ஏறி இறங்கிய சுவர்! காக்கை எச்சம் போல ஒன்று, முறிந்த ஈர்க்கு போல ஒன்று, சரிகைக் கரை போட்ட ஒன்று. ஒன்றையும் நான் கண்டதில்லை. லிப்ட் திருத்திய பிறகும் நான் படியால்தான் இறங்கினேன்.

ஆரம்பத்தில் அவசரம் கூட. ஒரு படத்தை ஏற்றிவிட்டு, 'மிக அபூர்வமான இனமாக இருக்கலாம்' என்று வேறு எழுதிவிட்டேன். யாரோ ஒரு நல்ல மனிதர் மிகவும் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்: மன்னிக்கவும், அது ஒரு இலை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கறிவேப்பிலை. யாரோ சந்தைப் பையோடு படியேறும்போது உதிர்ந்து ஒட்டியது. என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரசத்தில் கறிவேப்பிலை மிதந்தால் இன்றைக்கும், "இங்க பார், உன்ட அபூர்வ இனம்" என்பார்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டிருக்கிற எங்களுக்கு முற்றம் என்று ஒன்று கிடையாது. இருப்பது மொட்டைமாடி ஒன்றுதான். தண்ணீர்த் தாங்கி, உடுப்புக் கொடி, எதிர்வீட்டு அக்காவின் பூச்சட்டிகள், மிச்ச இடத்தில் என் விரிப்பு. உடுப்பு எடுக்க வந்த ஒன்றிரண்டு பேர் நின்று, "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கேள்விக்காக நான் கிழமை முழுக்கக் காத்திருப்பேன். கந்தோரில் கொள்கலன் எப்போது வரும் என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

எதிர்வீட்டு அக்கா எங்கள் தொடர்மாடிக் கொமிட்டியின் தலைவி. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டைமாடிச் சட்டிகளில் நந்தியாவட்டை வளர்க்கிறார். விடிய அந்த வெள்ளைப் பூக்களைப் பறித்துக்கொண்டு போய்ச் சாமி அறையில் வைத்தால்தான் அவருக்கு நாள் தொடங்கும். என் விரிப்பைக் கண்டாலே முகம் கடுக்கும். "மாப்பிள்ளைக்குக்கூட ஒருத்தரும் இப்பிடி வெள்ளை கட்டி வரவேற்கேல்லை. கண்டறியாத பூச்சிக்குக் கட்டுறீர்" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போவார்.

ஒரு ஞாயிறு காலை மொட்டைமாடியில் இருந்து ஒரு அலறல். ஓடினேன். அக்கா தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு நின்றார். ஒரு நந்தியாவட்டை மொட்டையாக நின்றது. அதன் கிளையில் என் நடுவிரல் தடிப்பில் ஒரு பச்சைப் புழு. கழுத்தடியில் இரண்டு நீலக் கண்கள். உண்மையான கண் இல்லை, வெறும் புள்ளிகள். ஆனாலும் அது அந்தப் புள்ளிகளால் அக்காவை முறைத்தது, அக்காவும் விடாமல் முறைத்தார்.

"உம்மட லைட்டுக்கு வந்த மூதேவியளின்ரை வேலை இது!" என்று என் பக்கம் திரும்பினார்.

மறுக்க முடியவில்லை. என் லைட்டுக்கு வந்த தாய்ப்பூச்சிதான் பக்கத்துச் சட்டியில் முட்டை இட்டிருக்க வேண்டும். எனக்கோ குதிக்க வேண்டும் போல இருந்தது. படத்தில் பார்த்து ஏங்கிய பூச்சியின் புழு அல்லவா அது!

"அக்கா, அடிக்காதேங்கோ! இது பூச்சியா வரேக்க பச்சையும் ரோசாவும் கலந்து வரும். அப்பிடி ஒரு வடிவை நீங்கள் கண்டிருக்க மாட்டியள்!"

"எனக்குச் சாமிக்கு வைக்கப் பூ இல்லை. நீர் வடிவு கதைக்கிறீர்."

நான் கெஞ்சினேன். தும்புத்தடியின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டே கெஞ்சினேன். கடைசியில் தலைவி ஒரு தீர்ப்புச் சொன்னார். மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் கொமிட்டிக் கூட்டம். அதில் என் லைட்டைப் பற்றி அவரே புகார் சொல்லப் போகிறார். அதற்கு முன்னால் இந்தப் புழு நான் சொன்ன வடிவோடு வெளியே வந்தால் புகார் இல்லை, சனிக்கிழமை மொட்டைமாடி எனக்கு. வராவிட்டால் பொழுதுபட்ட பிறகு மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு.

"சம்மதமோ?"

"ஓம் அக்கா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது? அந்த மொட்டைமாடியை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

புழு இன்னும் கொஞ்சம் தின்றது. பிறகு நிறம் மங்கி, தின்னாமல் அலைந்தது. ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் சருகும் கசக்கிய கடதாசியும் போட்டு அதை விட்டேன். மூடியில் சுடவைத்த ஊசியால் ஓட்டைகள் குத்தினேன். சருகுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிவிட்டது. பார்த்தால் பேரீச்சம்பழம் என்றே நினைப்பீர்கள். அக்கா தினமும் காலையில் பிளேன்டீ கோப்பையோடு பரிசோதனைக்கு வந்தார்.

"உயிர் இருக்கோ?"

"இருக்கு அக்கா. தொட்டா நெளியும்."

"இவ்வளவு நாளும் ஒண்டும் தின்னாதோ? ஒரு சொட்டுத் தண்ணியாவது விடும், பாவம்." இரக்கப்பட்டது தனக்கே பிடிக்காமல் போய், வாசலில் நின்று, "வராட்டில் பூட்டுத்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்பார்.

கூட்டத்துக்கு முதல்நாள் கூடு கறுத்தது. உள்ளே சிறகின் நிறம் மங்கலாகத் தெரிந்தது. நாளைக்கு வந்துவிடும்! எனக்குத் தலைகால் தெரியவில்லை. அந்தப் புளுகத்தில் அரிசிமாவும் சீனியும் பிசைந்து அரியதரம் சுட்டேன். கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் மச்சாள், அதாவது கணவரின் தமக்கை, முந்திய கிழமை லவ் கேக் கொடுத்தனுப்பியிருந்தார். அவர்கள் கத்தோலிக்கர், நான் சைவம். வந்த பெட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு பகுதிக்கும் ஒரே சமயம். மச்சாளின் பெட்டியும் ஐஸ்கிரீம் பெட்டி. கொழும்பில் எந்தக் குசினியில்தான் வேறு பெட்டி இருக்கிறது? அரியதரத்தை அதில் அடுக்கி மூடிக் குசினி மேசையில் வைத்தேன். பூச்சிப் பெட்டியும் அதே மேசையில்தான் இருந்தது.

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

ஞாயிறு விடிய என் கணவர் மேசையில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். பூசை முடிந்தால் மத்தியானச் சாப்பாடு தமக்கை வீட்டில். அது வழக்கம். மத்தியானம் கிட்ட, சாமி அறை வேலைகளை முடித்துக்கொண்டு அக்கா வந்தார்.

"எங்க உம்மட மகாராணி?"

நான் பெருமையோடு பெட்டியைத் தூக்கினேன். கனத்தது. மூடியைத் திறந்தேன். வரிசையாக அரியதரம்.

அக்கா எட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"பூச்சி நல்லா வந்திருக்கு. சீனிதான் கொஞ்சம் கூட" என்றார்.

கணவருக்குப் போன் அடித்தேன். அது எங்கள் அறையிலேயே சார்ஜில் கிடந்து பாடியது. மச்சாளுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வெளியே வருகிற பூச்சி எதிலாவது ஏறித் தொங்கினால்தான் சிறகு விரியும். இறுக்கி மூடிய பெட்டிக்குள் வந்தால், சிறகு சுருங்கினபடியே காய்ந்துவிடும். பிறகு ஒருநாளும் பறக்காது. அதை அக்காவுக்கு விளக்கும்போதே அழுதுவிட்டேன். மொட்டைமாடியும் போச்சு, அந்த உயிரும் போச்சு.

"அழாதையும். பொறும், சாறி மாத்திக்கொண்டு வாறன்."

"நீங்களுமோ?"

"பின்ன? கண்ணால காணாமல் நான் எப்பிடித் தீர்ப்புச் சொல்லுறது? அதோட, அது திண்டது முழுக்க என்ரை நந்தியாவட்டை."

புதுக் கைத்தறிச் சாறியில் அக்காவும், அரியதரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். "இக்மனட்ட மல்லி, இக்மனட்ட!" என்று அக்கா சிங்களத்தில் டிரைவரை விரட்டினார். கெதியாகப் போ தம்பி என்றால் போகிற ஆள் இல்லை அவன். ஆஸ்பத்திரிக்கா என்று திரும்பிக் கேட்டான். ஒரு பிரசவம் என்றார் அக்கா, கண் இமைக்காமல். அதன் பிறகு ஆட்டோ ஓடியதா பறந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சிவப்பு லைட்டில் நின்றபோது அக்கா அவனுக்கும் ஒரு அரியதரம் கொடுத்தார். எனக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்து, சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

மச்சாளின் வீடு ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள். கடைசிப் பகுதியை நடந்தோம், இல்லை, ஓடினோம். மச்சாள் ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிட்டு நண்டுக் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க மச்சாள்! என்ன, சொல்லாமக் கொள்ளாம?"

"மச்சாள், பெட்டி எங்க? பெட்டியைத் திறந்தீங்களா?" என்றேன்.

"அரியதரப் பெட்டியா? மாதா முன்னுக்கு வச்சிருக்கேன். டீயோட திறப்பம்."

வீட்டுக்கு வருகிற பலகாரம் முதலில் மாதா சுரூபத்துக்கு முன்னால், பிறகுதான் வாய்க்கு. அந்த வழக்கத்துக்கு நான் ஆயிரம் தடவை கும்பிடு போடுவேன். என் கணவர் நண்டுக் காலோடு எழும்பினார்.

"பெட்டி பாரமே இல்ல. இந்த முறை நீ கஞ்சத்தனம் பண்ணிட்டாய்னு நினைச்சேன்."

"மூடியில ஓட்டை இருந்ததே, காணேல்லையோ?"

"ஆவி போறதுக்குன்னு நினைச்சேன்."

அவரோடு பிறகு சண்டை பிடிக்கலாம் என்று விட்டுவிட்டு மூடியைத் திறந்தேன். கூடு வெடித்துக் கிடந்தது. பூச்சி வெளியே நின்றது. உடம்பெல்லாம் ஈரம். சிறகுகள் இரண்டும் முதுகில் கசங்கிக் கிடந்தன. பெட்டியின் வழுக்குச் சுவரில் கால் வைப்பதும் விழுவதுமாக இருந்தது. கையை நீட்டப் போய் இழுத்துக்கொண்டேன். நான் படம் எடுக்கிறவள், தொட்டுத் தூக்கியதே இல்லை.

அக்கா விரலை நீட்டினார். தும்புத்தடி பிடித்த அதே கை. பூச்சி விரலில் ஏறியது, மணிக்கட்டில் ஏறியது, முழங்கையைத் தாண்டியது.

"பிள்ளை, என்னில ஏறுது! ஐயோ, என்னில ஏறுது!"

"அசையாதேங்கோ அக்கா! உங்களைக் கும்பிட்டன், அசையாதேங்கோ!"

தோளடியில் கைத்தறி முந்தானையின் மடிப்புக்கு வந்ததும் நகங்களை மாட்டிக்கொண்டு தொங்கியது. மச்சாள் சத்தம் போடாமல் ஒரு கதிரையை அக்காவின் பின்னால் நகர்த்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அக்கா அதில் இருந்தார். ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள்.

பிறகு சிறகு விரிந்தது. முதலில் நம்பிக்கையே வரவில்லை. சுருக்கம் ஒவ்வொன்றாக இளகி, கீழ்நோக்கி நீண்டு, நீண்டு, ஈரம் மின்ன இறங்கியது. பச்சை. எத்தனை பச்சை! பாசிப் பச்சை, வெற்றிலைப் பச்சை, இடையில் வெள்ளைக் கோடுகள், நடுவில் ரோசா பூசியது போல ஒரு மினுக்கம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு முஸ்லிம் தங்கச்சி சீனி கேட்டு வந்தவள், கையில் கோப்பையோடு வாசலில் நின்று, "மாஷா அல்லாஹ், இது என்ன படைப்பு!" என்றாள். அவள் போய் இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒழுங்கையே எட்டிப் பார்த்தது. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள், யாரும் சொல்லாமலே. நான் பேர் சொன்னேன், என்ன தின்னும் என்று சொன்னேன், எப்படி வந்தது என்று சொன்னேன். கேட்கக் கேட்கச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு கதைத்தது கிடையாது.

நடுவில் பூச்சி, புதிதாக வந்தவை செய்கிற வழக்கப்படி, ஒரு சிவந்த நீரைச் சாறியில் விட்டது. நான் பதறிப்போனேன்.

"விடும். பிள்ளையள் செய்யிறதுதானே" என்றார் அக்கா.

சிறகு காய்ந்த பிறகு, திரைச்சீலைக்கு மாற்றலாம், நீங்கள் எழும்பலாம் என்றேன். அக்கா முறைத்தார். "நித்திரை கொள்ளுற பிள்ளையை எழுப்புறதோ? உமக்கு விசரோ?" என்றார். விசர் பட்டம் அன்றைக்கு இரண்டாவது ஆளுக்கும் பொருத்தமாக இருந்தது. மச்சாள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு நண்டுச் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். கொமிட்டித் தலைவி, முன்பின் அறியாத வீட்டில், வாயைத் திறந்து திறந்து வாங்கினார். என் கணவர் பார்க்க முடியாமல் குசினிக்குள் போய் நின்று சிரித்தார். நான் படத்தைத் தளத்தில் ஏற்றினேன். எந்தச் செடியில் இருக்கிறது என்று கேட்கிற இடத்தில், 'எங்கள் கொமிட்டித் தலைவி' என்று எழுதினேன்.

பொழுதுபடத் தொடங்கியபோது பூச்சி சிறகை அதிரவிட்டது. பறப்பதற்கு முன்னால் இந்த இனம் அப்படித்தான் உடம்பைச் சூடாக்கும். சரியாக அந்த நேரம் அக்காவின் போன் அடித்தது. வெள்ளவத்தையில் கூட்டம் கூடிவிட்டது, தலைவியைக் காணவில்லை. கூட்டத்தை நான் மறந்தே போயிருந்தேன். அக்கா கழுத்தைத் திருப்பாமல் போனை எடுத்து, காதோடு வைத்துக் கிசுகிசுத்தார்.

"மெதுவாக் கதையுங்கோ... நான் வரேல்லை. கொட்டாஞ்சேனையில இருக்கிறன்... மொட்டைமாடிப் புகாரோ? புகார் சொல்ல வந்தவ பூச்சி பாத்துக்கொண்டு இருக்கிறா எண்டு கூட்டத்தில சொல்லுங்கோ. பூட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. சனிக்கிழமை மொட்டைமாடி இந்தப் பிள்ளைக்கு. அதோட, இன்னும் நாலு சட்டி நந்தியாவட்டை..."

வசனம் முடியவில்லை. தோளில் ஒரு உதறல், காதருகில் ஒரு காற்று, அவ்வளவுதான். அக்கா கதிரையைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார். நானும் ஓடினேன். ஒழுங்கைச் சனம் முழுக்க ஓடியது. தகரக் கூரைகளுக்கு மேலால் அது துறைமுகப் பக்கம் போனது.

"பறந்திட்டுது! பிள்ளை, பறந்திட்டுது! என்ரை அம்மாளாச்சி, என்ன வடிவு, என்ன வடிவு!" ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒழுங்கை நடுவில் நின்று துள்ளினார். கையில் இருந்த போனை யாரும் நிறுத்தவில்லை.

அந்தப் பக்கத்தில் கூட்டத்தார் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தார்களாம். அடுத்த சனிக்கிழமை நான் விரிப்போடு மேலே போனபோது, கட்ட இடமில்லாமல் மொட்டைமாடி முழுக்கச் சனம் நின்றது.